கல்லூரி ஐஸ் ஹாக்கிக்குப் பிறகு: யாரும் எடுக்காத மார்ட்டின் சான் லூயி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் ஐஸ் ஹாக்கி ஆடிப் பெயரெடுத்த ஒருவரைத் தொழில்முறை அணி எதுவும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், அவருடைய ஆட்ட வாழ்க்கை பட்டத்தோடு முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டுமா, அந்த நான்கு ஆண்டுகளும் வீண்தானா என்பது கேள்வி. கல்லூரி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதே லீக்கில் இன்று ஆடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்லூரி வழியாக வந்தவர்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே ஒருவருடைய வாழ்க்கை எப்படியெல்லாம் போகக்கூடும் என்பதை, 1993 முதல் 1997 வரை வெர்மான்ட் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடிய மூவரைக் கொண்டு விளக்க முயல்கிறேன். மார்ட்டின் சான் லூயி, எரிக் பெரான், கோல்கீப்பர் டிம் தாமஸ் ஆகியோர் அந்த மூவர். இவர்களில் சான் லூயியின் கதைதான் கேள்விக்கு நேரான விடை என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அமைப்பைப் பற்றிச் சிறிது. கனடாவில் பிறந்த திறமையான சிறுவன் ஒருவனுக்குப் பதினாறு வயதில் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, கனடிய ஜூனியர் லீக்குகள். அங்கே ஒரு பருவத்தில் அறுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆட வேண்டும். பேருந்தில் நெடும்பயணம், வாரத்தில் மூன்று ஆட்டங்கள் என்று வாழ்க்கையே தொழில்முறை ஆட்டக்காரனின் வாழ்க்கையைப் போல ஆகிவிடும். மற்றொன்று, சற்றுக் கீழ்நிலையில் உள்ள ஜூனியர் லீக்கில் ஆடி, பள்ளிப் படிப்பை முடித்து, அமெரிக்கக் கல்லூரிக்குப் போவது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணிகள் அறுபதுக்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. அங்கே பருவத்துக்கு ஏறக்குறைய 35 முதல் 40 ஆட்டங்கள். பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நடக்கும். மற்ற நாள்கள் வகுப்புக்கும் பனித்தளப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் உரியவை. கல்லூரியில் சேருபவர்களில் பலர் இருபது வயதை எட்டியவர்கள், இறுதியாண்டில் ஆடுபவருக்கு இருபத்து நான்கு வயதுகூட இருக்கலாம் என்பதால், பதினெட்டு வயதுப் புதியவன் முழுதாக வளர்ந்த ஆண்களுக்கு எதிரே ஆடுகிறான். மிக அண்மைக்காலம் வரை இந்த இரண்டு வழிகளில் ஒன்றை எடுத்தவருக்கு மற்றது மூடியிருந்தது. கனடிய ஜூனியர் லீக்கில் ஆடியவரைத் தொழில்முறை ஆட்டக்காரராகவே என்.சி.ஏ.ஏ. கருதியது.

சான் லூயி 1975இல் மாண்ட்ரியலை அடுத்த லாவால் நகரில் பிறந்தவர். பெரானும் அதே ஊர்க்காரர், அதே வயதினர், சிறுவயதிலிருந்தே அவரோடு ஆடியவர். சான் லூயி 1992-93 பருவத்தில் ஒன்டாரியோ மாகாணத்தின் எல்லையோர ஊரான ஹாக்ஸ்பரியின் ஜூனியர் அணியில் ஆடினார். அது கல்லூரிக் கதவைத் திறந்து வைத்திருந்த லீக். அங்கிருந்து இருவரும் வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவுதான் என்றாலும் வேறு நாடு, வேறு மொழி. கல்லூரி ஹாக்கியில் வெர்மான்ட் அதுவரை பெரிய பெயர் இல்லை. போஸ்டன், மிச்சிகன், மினசோட்டா போன்ற இடங்களின் வரலாறும் வசதியும் அதற்குக் கிடையாது.

அங்கே நான்கு ஆண்டுகளில் சான் லூயி 139 ஆட்டங்களில் 91 கோல்கள் அடித்தார். சகாக்களின் கோல்களுக்கு 176 முறை உதவினார். இந்த விளையாட்டில் கோல் அடித்தவருக்கும், அதற்கு முன் பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கடத்திக் கொடுத்தவர்களில் அதிகபட்சம் இருவருக்கும் தலா ஒரு புள்ளி. அந்தக் கணக்கில் 267 புள்ளிகள் சேர்த்து அவர் பல்கலைக்கழகச் சாதனையாளர் ஆனார். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலான அகில அமெரிக்க அணியில் மூன்று முறை இடம்பெற்றார். கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹோபி பேக்கர் விருதின் இறுதிப் பட்டியலில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவர் பெயர் இருந்தது. மூன்று முறையும் விருது வேறொருவருக்குப் போனது. 1995-96 பருவத்தில் 85 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டு வெர்மான்ட் முதன்முறையாக தேசியப் போட்டியின் அரையிறுதிக்கு வந்து, சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில் இரண்டாவது கூடுதல் நேரத்தில் கொலராடோ காலேஜ் அணியிடம் 4-3 என்று தோற்றது. கோல் வாயிலில் நின்றவர் தாமஸ்.

இத்தனை புள்ளிகள் இருந்தும் தொழில்முறை அணிகள் ஏன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை? என்.எச்.எல். அணிகள் ஒவ்வோர் ஆண்டும் இளம் ஆட்டக்காரர்களை வரிசை முறையில் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட் அன்று இப்போதைவிட மிகப் பெரியது. 1994இல் 11 சுற்றுகளில் 286 பேர் எடுக்கப்பட்டார்கள். தாமஸையே 217ஆம் இடத்தில்தான் கியூபெக் அணி எடுத்தது. சான் லூயியை எந்த ஆண்டும் யாரும் எடுக்கவில்லை. அவர் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1990களின் நடுப்பகுதியில் அந்த லீக்கில் எதிராளியை மட்டையால் கொக்கிபோட்டு இழுப்பதையும் கையால் பிடித்து நிறுத்துவதையும் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். வேகமானவர்களைக் கனமானவர்கள் தடுத்து நிறுத்தக்கூடிய ஆட்டமாக அது இருந்ததால், அணிகள் உயரத்தையும் எடையையும் விலை கொடுத்து வாங்கின. இதை, அணிகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் சாரணர்களின் குருட்டுத்தனம் என்று பின்னாளில் எழுதுபவர்கள் உண்டு. அன்றைய ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய கணக்கு அவ்வளவு தவறாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் குவித்த புள்ளிகள் உச்ச லீக்கில் அப்படியே தொடராது என்று அவர்கள் அஞ்சியதற்கு முன்னுதாரணங்கள் நிறையவே இருந்தன.

எதிர் உதாரணங்களும் இருந்தன. போஸ்டன் காலேஜில் ஆடிய ஜோ மல்லன், ரென்சலர் கல்லூரியின் ஆடம் ஓட்ஸ், நார்த் டகோட்டாவின் கோல்கீப்பர் எட் பெல்ஃபோர் ஆகிய மூவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. மூவரும் பிற்காலத்தில் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். டிராஃப்டில் விடுபட்டவருக்கு ஒரு சிறு அனுகூலமும் உண்டு. எந்த அணிக்கும் அவர்மேல் உரிமை இல்லை என்பதால், விரும்பும் எந்த அணியுடனும் அவர் பேசலாம். விரும்பி அழைக்க ஓர் அணியாவது இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

1997இல் பட்டம் பெறும் வயதில் வெளியே வந்த சான் லூயிக்கு ஒட்டாவா அணியின் முகாமில் முயன்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தது, ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலை லீக்கான ஐ.எச்.எல்.லில் கிளீவ்லாந்து அணிக்குப் போனார். 56 ஆட்டங்களில் 50 புள்ளிகள் எடுத்த பிறகு, 1998 பிப்ரவரியில் கால்கரி ஃபிளேம்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து, தன் கீழ்நிலை அணியான செயின்ட் ஜானுக்கு அனுப்பியது. அடுத்த பருவத்தில் அந்த அணிக்காக 53 ஆட்டங்களில் 62 புள்ளிகள் எடுத்தார். கால்கரியின் முதன்மை அணிக்கு அழைக்கப்பட்டபோது நிலைமை வேறு. அங்கே இரண்டு பருவங்களில் ஆடிய 69 ஆட்டங்களில் அவர் அடித்தவை நான்கே கோல்கள், மொத்தம் 20 புள்ளிகள். மாறி மாறிக் களமிறங்கும் முன்கள வரிசைகளில், கோல் அடிக்கும் வாய்ப்புள்ள முதல் இரண்டில் அவருக்கு நிலையான இடம் இல்லை. எதிரணியைத் தடுப்பதே முதல் வேலையான கீழ் வரிசைகளில் சில நிமிடங்கள் கொடுத்தார்கள். அதில் தவறு செய்யாமல் இருப்பதே அவருடைய நோக்கமாகிவிட்டது.

2000ஆம் ஆண்டு கோடையில் மினசோட்டா, கொலம்பஸ் என்று இரண்டு புதிய அணிகள் லீக்கில் சேர்ந்தன. பழைய அணிகள் பாதுகாக்காமல் விட்டவர்களை அவை எடுத்துக்கொள்ளலாம். கால்கரி சான் லூயியைப் பாதுகாக்கவில்லை, புதிய அணிகள் இரண்டும் அவரைத் தொடவில்லை. பிறகு கால்கரி மீதி ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கல்லூரியிலிருந்து வந்த பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள், அல்லது வேலை தேடுகிறார்கள்.

ஜூலை கடைசியில் டாம்பா பே லைட்னிங் அவரை எடுத்தது. அன்று லீக்கின் மிகப் பலவீனமான அணிகளுள் அது ஒன்று, ஆகவே இடம் காலியாக இருந்தது. இந்தக் கதையை விடாமுயற்சியின் கதையாகச் சொல்வதே வழக்கம். சான் லூயியின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அவருடைய தொடை வலிமை லீக் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் கால்கரியிலும் அவர் இதே உழைப்பாளிதான். இரண்டு ஊர்களுக்கும் நடுவே மாறியது அவருக்குக் கிடைத்த ஆட்ட நேரமும், எந்த மாதிரியான நேரம் கிடைத்தது என்பதும்தான். எதிரணியில் ஒருவர் தவறுக்காகத் தண்டனைப் பெட்டியில் அமர்ந்து, அந்த அணி ஆள் குறைந்து ஆடும்போது அனுப்பப்படுபவருக்குத்தான் புள்ளிகள் சேரும். டாம்பா அந்த நிமிடங்களை மெல்ல மெல்ல அவருக்குக் கொடுத்தது. 2001 ஜனவரியில் அங்கே தலைமைப் பயிற்சியாளரான ஜான் டார்ட்டொரெல்லா, தாமே மெய்ன் பல்கலைக்கழகத்தில் கல்லூரி ஹாக்கி ஆடியவர். முதல் பருவத்தில் 40 புள்ளிகள். அடுத்த ஆண்டு கால் எலும்பு முறிவு. 2002-03இல் 33 கோல்களுடன் 70 புள்ளிகள்.

2003-04 பருவத்தில் 94 புள்ளிகளுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்று ஆர்ட் ராஸ் கோப்பையையும், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையையும் வென்றார். லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடரில் டாம்பாவுக்கு எதிரே நின்றது, அவரை வேண்டாமென்று அனுப்பிய கால்கரி. ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது கால்கரி 3-2 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரு வெற்றி போதும். ஆறாவது ஆட்டம் கால்கரியின் சொந்தத் தளத்தில் இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. அதன் 33ஆவது விநாடியில் வெற்றி கோலை அடித்தவர் சான் லூயி. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தை 2-1 என்று வென்று டாம்பா கோப்பையைப் பெற்றது. ஆட்டத்தைத் தடுக்கும் தவறுகளை நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கியது 2005இல்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சிறிய உடலுக்குச் சாதகமான விதிகள் வருவதற்கு முன்பே இதையெல்லாம் அவர் செய்து முடித்துவிட்டார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013இல், முப்பத்தேழு வயதில், மீண்டும் ஆர்ட் ராஸ் கோப்பை. அந்தக் கோப்பையை வென்றவர்களில் அவரே மிக மூத்தவர். 2014இல் சோச்சியில் கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம். அதே ஆண்டு மார்ச்சில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாற்றம், 2015இல் ஓய்வு. மொத்தம் 1,134 ஆட்டங்கள், 1,033 புள்ளிகள். 2018இல் புகழ் மண்டபம். ஓய்வுக்குப் பிறகு தம் பிள்ளைகள் ஆடிய சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை 2022 பிப்ரவரியில் மாண்ட்ரியல் கனடியன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. தொழில்முறை அணி எதற்கும் அதுவரை அவர் பயிற்சியாளராக இருந்ததில்லை.

இனி மற்ற இருவரையும் பார்க்க வேண்டும். சான் லூயியை மட்டும் காட்டினால் பதில் ஒருதலையாகிவிடும். டிம் தாமஸ் கல்லூரிக்குப் பிறகு அமெரிக்காவின் கீழ்நிலை லீக்குகளுக்கும் ஃபின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அலைந்தார். 1998இல் ஹெல்சிங்கியின் எச்.ஐ.எஃப்.கே. அணியுடன் ஃபின்லாந்து சாம்பியன் பட்டம் வென்றார். என்.எச்.எல்.லில் நிலையான இடம் கிடைத்தது 2005-06 பருவத்தில், போஸ்டன் அணியில், முப்பத்தொரு வயதில். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை 2009இலும் 2011இலும் பெற்றார். 2011 அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் போஸ்டன் டாம்பாவை 1-0 என்று வென்றபோது, ஒரு பக்கம் சான் லூயி, மறுபக்கம் கோல் வாயிலில் தாமஸ். அடுத்து வான்கூவரை வீழ்த்தி ஸ்டான்லி கோப்பையையும், பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கோப்பையையும் வாங்கினார். அதற்கான விலையையும் அவர் கொடுத்தார். தலையில் பட்ட அடிகளால் தம் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பையும், பல ஆண்டுகள் மனிதர்களிடமிருந்து விலகி வாழ நேர்ந்ததையும் 2019இல் அமெரிக்கப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது வெளிப்படையாகச் சொன்னார். ஹாக்கி வாழ்க்கை என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

எரிக் பெரான் கல்லூரியில் சான் லூயிக்கு ஈடாக மதிக்கப்பட்டவர். உயரமும் ஏறக்குறைய அதேதான். அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஃபின்லாந்தில் பல ஆண்டுகள் ஆடிய பிறகு டாம்பா அவரை அழைத்தது, 2004இல் கோப்பை வென்ற அணியில் தோழனோடு அவரும் இருந்தார். பின்னர் அட்லாண்டாவில் சில பருவங்கள் ஆடிவிட்டு மீண்டும் ஐரோப்பாவுக்குப் போய், ஃபின்லாந்தில் மேலும் பல ஆண்டுகள் ஆடினார். பரிசுப் பட்டியல்களில் அவர் பெயர் அதிகம் வராது. ஆனால் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நல்ல வாழ்க்கைக்கு என் கணிப்பில் இவரே மிகச் சரியான உதாரணம். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு விரும்பிய ஆட்டத்தை ஆடினார் என்பது சிறிய விஷயம் அன்று.

இன்றைய நிலையில் டிராஃப்டில் எடுக்கப்பட்ட கல்லூரி மாணவருக்கும் நான்கு ஆண்டுகள் ஒரு பிடிமானம் தருகின்றன. அவரை எடுத்த அணி, நான்காம் ஆண்டு முடிந்து வரும் ஆகஸ்டு 15க்குள் ஒப்பந்தம் செய்யாவிட்டால் உரிமையை இழக்கும். ஹார்வர்டின் ஜிம்மி வெசியை 2012இல் எடுத்த நாஷ்வில், அவர் கையெழுத்திட மறுத்ததால், 2016இல் அந்த உரிமையைப் பஃபலோவுக்குக் கைமாற்றியது. அவர் பஃபலோவையும் மறுத்து, ஆகஸ்டு வரை காத்திருந்து, நியூயார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். மிகச் சிறந்தவர்கள் இவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கேல் மக்கார் இரண்டே ஆண்டுகள் ஆடி, 2019இல் ஹோபி பேக்கர் விருது வாங்கி, கல்லூரி இறுதியாட்டம் முடிந்த இரண்டாம் நாளே கொலராடோவுக்காக என்.எச்.எல். பிளேஆஃபில் இறங்கிக் கோலும் அடித்தார். அவர் போன்றவருக்குக் கல்லூரி ஒரு வழித்தங்கல். அது இல்லாமலும் அவர் போய்ச் சேர்ந்திருப்பார். தேர்வாகாத, உடல் தாமதமாக முதிரும், ஆட்டம் மெல்லப் பக்குவப்படும் ஒருவருக்குத்தான் நான்கு ஆண்டுகள் உண்மையில் தேவைப்படுகின்றன. ஜூனியர் லீக் அவரை இருபது வயதில் வெளியே அனுப்பிவிடும். கல்லூரி இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ ஆகும்வரை ஆட வைத்து, கையில் ஒரு பட்டத்தையும் கொடுக்கும். ஆகவே அந்த ஆண்டுகள் வீணல்ல, ஆனால் அவை வேலைக்கான உத்தரவாதமும் அல்ல என்பதே கேள்விக்கு என் பதில்.

அந்தக் கதவு இப்போது கொஞ்சம் குறுகிவருகிறது. 2024 நவம்பரில் என்.சி.ஏ.ஏ. எடுத்த முடிவின்படி, 2025 ஆகஸ்டு முதல் கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் கல்லூரியில் ஆடலாம். கனடிய ஜூனியர் லீக்கின் மெடிசின் ஹாட் அணியில் ஆடிய காவின் மக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தது இந்த மாற்றத்தின் முதல் பெரிய செய்தி. பதினாறு வயதில் ஒரே முடிவை எடுத்துவிட்டு மற்றதை இழக்க வேண்டியதில்லை என்பதால் திறமைசாலிகளுக்கு இது நல்லதுதான். ஆனால் அணிகளின் எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வோர் அணியிலும் உள்ள இடங்களும் ஏறக்குறைய அவையே. ஹாக்ஸ்பரி போன்ற ஊரின் அணியிலிருந்து வரும் குட்டையான முன்கள ஆட்டக்காரன் ஒருவன், இனி ஒரு கல்லூரி இடத்துக்காக, ஜூனியர் லீக்கில் 200 ஆட்டங்கள் ஆடிவிட்டு வரும் இருபது வயதுக்காரனோடு போட்டியிட வேண்டும். ஆகவே இன்று இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பம், பெரிய பெயருள்ள கல்லூரி எது என்று பார்ப்பதைவிட, முதலாண்டு மாணவனை எந்தக் கல்லூரி உண்மையில் பனித்தளத்தில் இறக்குகிறது என்று அந்த அணியின் கடந்த இரண்டு மூன்று பருவங்களின் ஆட்டப் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.